உழைப்பு நிலைக் கணக்கு: பஞ்சக் கூலியிலிருந்து ஒரகடம் வரை

ஒருவர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலைக் கலோரியில் கணக்கிடுவதற்கு, அவருடைய உடலுழைப்பு எந்த அளவினது என்று வகைப்படுத்துவது உழைப்பு நிலை மதிப்பீடு எனப்படும். அமர்ந்த வேலை, மிதமான உழைப்பு, கடின உழைப்பு என்ற மூன்று வகைகள் இந்தியப் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் இன்று கைப்பேசியில் பயன்படுத்தும் செயலிகளும் வயது, உயரம், எடை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. பேச்சு வழக்கில் 'கலோரி' என்று சொல்லப்படுவது அறிவியலில் கிலோகலோரி ஆகும். இக்கட்டுரையிலும் அவ்வாறே ஆளப்படுகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப்பாசனத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் வாழ்ந்த ஊர்கள் இவை. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆலைகளும், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகளும் அமைந்தன. இங்கே வேலை செய்பவரை ஊரார் 'தொழிலாளி' என்கிறார்கள். அவரும் தம்மை உழைப்பாளி என்றே எண்ணுகிறார். அந்த எண்ணம் தவறன்று. ஆனால் எட்டு மணி நேரம் லைனில் நின்றோ உட்கார்ந்தோ செய்யும் வேலைக்கு உடல் எவ்வளவு எரிபொருள் செலவிடுகிறது என்பதை அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. உழைப்பு வகைகள் முதலில் எதற்காகப் பிறந்தன என்பதைப் பார்த்தால் இந்த இடைவெளி விளங்கும்.

1877: ஒரு பவுண்டு தானியம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு அரசு சும்மா சோறு போடவில்லை. குளம் வெட்டுதல், சாலை போடுதல், கால்வாய் தோண்டுதல் போன்ற நிவாரண வேலைகளைச் செய்தால் கூலி தந்தது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த ஆண்டுகளில் இப்படித்தான் தோண்டப்பட்டது.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிளைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்று பழி சுமந்தவர் டெம்பிள். இம்முறை சிக்கனத்தைக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்று நூல்களில் இது 'டெம்பிள் கூலி' என்று பெயர் பெற்றது.

இதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். மண் வெட்டிச் சுமப்பவர்களுக்கு அது இன்னும் அவசியம் என்றார். சும்மா இருப்பவனுக்கு உயிரைத் தக்கவைக்கும் அளவு, வேலை செய்பவனுக்குப் போதாது என்ற எளிய உண்மையே அதன் சாரம். கலோரி என்ற அளவு உணவுப் பேச்சில் புழங்காத காலம் அது.

இன்றைய கணக்கில் வைத்துப் பார்த்தால் கார்னிஷ் சொன்னது புலப்படும். ஒரு பவுண்டு அரிசி ஏறத்தாழ 454 கிராம். அது தருவது சுமார் 1,570 கலோரி. 50 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் உடல் வெப்பத்துக்குமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,370 கலோரி செலவாகும். எஞ்சும் 200 கலோரியிலும் ஓரணாவில் கிடைப்பதிலும் நாள் முழுவதும் மண் சுமக்க வேண்டும். அதுவும் தானிய விலை ஏறிக் கிடந்த ஆண்டில். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் பவுண்டாக உயர்ந்தது. பருப்பு ஒன்றரை அவுன்ஸ் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மடிந்திருந்தார்கள்.

உழைப்பு நிலையைக் குறைத்து மதிப்பிடுவது உயிரைக் குடிக்கும் என்பதற்குத் தமிழகத்தில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. பின்னால் வந்த கணக்குகள் எல்லாம் குறைத்துவிடக் கூடாது என்ற அச்சத்தையே முன்வைத்து எழுந்தன.

ஓய்வில் இருக்கும் உடலின் கணக்கு

அமெரிக்காவில் ஆட்வாட்டர் 1890களில் மனிதர் உள்ளே தங்கி வாழக்கூடிய ஓர் அறையைக் கட்டி, உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை அளந்தார். அந்த வழியில் வந்த பெனடிக்ட், பாஸ்டனில் இருந்த கார்னெகி ஊட்டச்சத்து ஆய்வகத்தின் தலைவர். அவரும் ஹாரிஸ் என்பவரும் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து, 1919இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். உயரம், எடை, வயது தெரிந்தால் ஓய்வு நிலைச் செலவைச் சொல்லிவிடும் ஹாரிஸ்-பெனடிக்ட் சமன்பாடு அதுதான். நூறாண்டு கடந்தும் இணையக் கணிப்பான்கள் பலவற்றில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் ஓய்வு நிலைச் செலவை ஆராய்ந்தார். 1931இல் வெளியான அந்த ஆய்வின்படி, அமெரிக்க அளவுகோல் காட்டியதைவிட இப்பெண்களின் செலவு கணிசமாகக் குறைவாக இருந்தது. வேற்று நாட்டு உடல்களை அளந்து செய்த சமன்பாடு இங்கே அப்படியே பொருந்தாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அண்மைக் காலம் வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலகச் சமன்பாட்டிலிருந்து 5 விழுக்காட்டைக் கழித்தே பயன்படுத்தி வந்ததற்கு இத்தகைய ஆய்வுகளே பின்னணி. வெளிநாட்டுச் செயலியில் கிடைக்கும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளும் மாணவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இவை எல்லாம் ஓய்வு நிலையின் கணக்கு. வேலைக்கு எவ்வளவு கூட்டுவது? 1930களின் நடுவில் பன்னாட்டுச் சங்கத்தின் நிபுணர் குழு ஒரு விடை தந்தது. உடலுழைப்பு இல்லாத வயது வந்தோருக்கு 2,400 கலோரி. அதன் மேல், வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இலேசான வேலையானால் 75 வரை, மிதமானதற்கு 75 முதல் 150, கடினமானதற்கு 150 முதல் 300, மிகக் கடினமானதற்கு 300க்கு மேல் கூட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் குழு ஆளின் தொழிற்பெயரைப் பார்த்து எண்ணைத் தரவில்லை. மணிக்கணக்கில் கூட்டச் சொன்னது. பிற்காலத்தில் இந்த நுணுக்கம் தேய்ந்து, மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சின.

குன்னூரிலிருந்து கூலிப் பேச்சுக்கு

பன்னாட்டுச் சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றிய வாலஸ் அய்க்ராய்டு, 1935இல் நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு இயக்குநராக வந்தார். ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி வளர்த்த கூடம் அது. பின்னர் ஐதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை முதலில் முறையாகத் தந்தது அய்க்ராய்டின் குன்னூர் வெளியீடு. இட்லிக்கும் கேழ்வரகுக்கும் இன்று செயலி காட்டும் எண்களின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

1957 ஜூலையில் புதுதில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அடிப்படையை வகுத்தது. மிதமான உழைப்புடைய சராசரி இந்தியருக்கு அய்க்ராய்டு பரிந்துரைத்த நிகர உணவளவு அதில் ஏற்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 2,700 கலோரி. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள். கணவர் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 0.6 என்று கூட்டினால் மூன்று வரும். தலைக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் இதர செலவுகளுக்கும் 20 விழுக்காடு ஆகியவையும் சேர்ந்தன.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. ரெப்டகாஸ் பிரெட் என்னும் மருந்து நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1991 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டு அளவுகோல்களை ஏற்று, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்றது. இன்றும் கூலிப் பேச்சு வார்த்தைகளில் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்கும் தீர்ப்பு இது.

மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, 2,700ஐ 2,400 ஆகக் குறைக்கலாம் என்று 2019இல் சொன்னது. கடின உழைப்பு செய்வோரின் பங்கு குறைந்து வருவதை அது காரணமாகக் காட்டியது. கூடவே 50 கிராம் புரதமும் 30 கிராம் கொழுப்பும் வேண்டும் என்றது, குடும்பத்தை 3.6 அலகாக உயர்த்தியது. தொழிற்சங்கங்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் வந்த கூலிச் சட்டத் தொகுப்பின் வரைவு விதிகளில் 2,700 என்ற பழைய எண்ணே இடம்பெற்றது.

சங்கங்களின் நிலைப்பாடு நியாயமானதே. கூலிக்கு அடிப்படையாக ஓர் எண்ணை வைக்கும்போது, அது சற்று மிகையாக இருந்தால் குடும்பத்துக்குக் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். குறைந்தால் குழந்தையின் தட்டில் குறையும். 2,700 என்பது ஒரு கூட்டத்துக்குப் பாதுகாப்பாக வைத்த எண். தனியொருவர் எடை குறைக்கத் தம் தட்டை அளப்பதற்காக அது எழுதப்படவில்லை.

ஆலைக்குள் அளந்தவர்கள்

தொழிற்பெயருக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இந்திய ஆலையிலேயே ஆராய்ந்தார்கள். மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்கேல் என்னும் ஊரில் இருந்த சணல் ஆலையில் 213 தொழிலாளரை ழான் மேயர், ராய், மித்ரா ஆகியோர் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். கடைக்காரர், மேற்பார்வையாளர், எழுத்தர் முதல் நிலக்கரி அள்ளுவோர், மூட்டை சுமப்போர் வரை அதில் இருந்தார்கள். எழுத்தர்களைக்கூட ஒரே குழுவாகக் கொள்ளவில்லை. ஆலை வளாகத்திலேயே குடியிருந்தவர் வேறு, தொலைவிலிருந்து நடந்து வந்தவர் வேறு என்று பிரித்தார்கள். அந்தப் பிரிப்பிலேயே ஆய்வாளரின் கூர்மை தெரிகிறது.

உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது. இதில் வியப்பில்லை. ஆனால் உழைப்பு மிகக் குறைந்த கோடியில், உணவு அதற்கேற்பக் குறையவில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அதிகம் இருந்தார்கள். உடலுழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால், பசி சரியான அளவைக் காட்டுவதில்லை என்று மேயர் விளக்கினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் மோரிஸ் என்பவர் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு 1953இல் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே நேரம். மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அங்கும் வேறுபாடு உட்கார்வதற்கும் நடப்பதற்கும் இடையில்தான் இருந்தது.

மனிதர் தம் உழைப்பைத் தாமே மதிப்பிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு 1992ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்று பெயர் பெற்றது. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரை, சிறப்பு ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கவைத்து அளந்தார்கள். அவர்கள் தங்கள் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் ஆற்றல் செலவில் குறை எதுவும் காணப்படவில்லை. இதைப் பொய் என்று சொல்லிவிடுவது சரியல்ல. களைப்பை உழைப்பு என்று எண்ணுவது எல்லோருக்கும் இயல்பு.

ஒரகடத்தில் ஒரு நாள்

1981இல் கூடிய உலக சுகாதார நிறுவனம் முதலிய அமைப்புகளின் நிபுணர் குழு, உழைப்பைக் கலோரியில் சொல்லாமல், ஓய்வு நிலைச் செலவின் மடங்காகச் சொல்லும் முறையை வகுத்தது. அதன் அறிக்கை 1985இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இம்முறையை ஏற்றது. 1989இல் 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அமர்ந்த வேலைக்கு 2,425, மிதமான உழைப்புக்கு 2,875, கடின உழைப்புக்கு 3,800 கலோரி என்று அது கணித்தது. 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இவை 65 கிலோ ஆணுக்கு முறையே 2,110, 2,710, 3,470 ஆகவும், 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720 ஆகவும் உள்ளன. ஆணின் எடையை 5 கிலோ உயர்த்தியும் தேவை குறைந்திருக்கிறது. அமர்ந்த வேலைக்கு 1989இல் 1.6 மடங்கு என்றிருந்தது 1.4 ஆனது இதற்கு முக்கியக் காரணம்.

இப்போது தொழிற்பகுதிக்கு வருவோம். 65 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரைக் கொள்வோம். ஓய்வு நிலைச் செலவு நாளுக்கு 1,500 கலோரி. காஞ்சிபுரம், அரக்கோணம், வந்தவாசிப் பக்கங்களிலிருந்து வருவோரைப்போல அவரும் கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பயணம் செய்கிறார். உறக்கம் 7 மணி நேரம். பஸ்ஸில் 3. ஷிஃப்ட் 8. நடை 1. குளியல், துணி துவைத்தல் 1. மீதி 4 மணி நேரம் சாப்பாடு, பேச்சு, கைப்பேசி.

ஒவ்வொன்றுக்கும் பன்னாட்டு அட்டவணைகளில் ஒரு மடங்கு உண்டு. உறக்கத்துக்கு 1. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதற்கு 1.2. நடைக்கு 3.2. குளியல் போன்றவற்றுக்கு 2.3. ஓய்வாக உட்கார்ந்து பேசுவதற்கு 1.4. லைனில் நின்றபடி இலேசான பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு 2.2 என்று வைக்கலாம். மணிகளால் பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.64 வருகிறது. நாள் செலவு 2,460 கலோரி அளவு.

அதே இளைஞர் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவரானால், ஷிஃப்டின் மடங்கு 1.5 தான். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, நாள் சராசரி 1.40 ஆகிறது. செலவு 2,100 கலோரி. அலுவலகக் குமாஸ்தாவின் கணக்கும் இதுவே. இருவரும் ஒரே சீருடை, ஒரே ஆலை, ஒரே பஸ். வேறுபாடு 350 கலோரிக்கு மேல். அது 100 கிராம் அரிசிக்குச் சமம்.

உட்கார்ந்து வேலை செய்யும் அந்த இளைஞர், தாம் ஆலைத் தொழிலாளி என்பதால் 'மிதமான உழைப்பு' என்று செயலியில் தேர்ந்தால் என்ன ஆகும்? 1.8 மடங்கு என்றால் 2,700 கலோரி. தற்செயலாக, 1957ஆம் ஆண்டு மாநாட்டின் எண்ணும் அதுவே. எடை குறைப்பதற்காக 500ஐக் கழித்து 2,200 என்று செயலி சொல்லும். அவர் அதை ஒரு பருக்கை பிசகாமல் கடைப்பிடித்தாலும் தினமும் 100 கலோரி மிஞ்சும். இரண்டு மாதம் பட்டினி கிடந்தும் இளைக்கவில்லை, தைராய்டோ என்னவோ என்று மனம் சோர்வார். கேன்டீன் சாம்பார் சாதத்தின் மேல் பழி போடுவார். பிழை இருந்தது அவர் முதல் நாள் தொட்ட ஒரு பொத்தானில்.

பல இணையக் கணிப்பான்களில் மூன்றுக்குப் பதில் ஐந்து படிகள் இருக்கும்: 1.2, 1.375, 1.55, 1.725, 1.9. எண்ணில் மூன்று தசமங்கள் இருப்பதால் துல்லியம் வந்துவிடாது. பெரும்பாலும் இவை வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி என்று கேட்கின்றனவே தவிர, வேலை நேரத்தில் நிற்கிறாரா, உட்காருகிறாரா, சுமக்கிறாரா என்று கேட்பதில்லை. உயர்ந்த படியைத் தேர்ந்துவிட்டு, கைக்கடிகாரம் காட்டும் நடைக் கலோரியையும் தனியே கூட்டிச் சாப்பிடுவோர் உண்டு. ஒரே நடையை இருமுறை எண்ணுவது அது.

இதே பகுதியில் எல்லாரும் இலேசான வேலை செய்பவர்கள் அல்லர். ரோபோ வெல்டிங் செய்யும் ஆலையின் பின்வாசலில் லாரியிலிருந்து பெட்டி இறக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, கட்டுமானத்தில் கம்பி தூக்குபவர் ஆகியோருக்கு 'கடின உழைப்பு' என்பது உண்மையிலேயே பொருந்தலாம். அவர்கள் செயலியின் சொல்லைக் கேட்டு 2,000 கலோரியில் நின்றால் தசைதான் கரையும்.

பெண்களின் நிலை தனி. மின்னணு ஆலைகளின் லைன்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குபவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டுக் கணக்கில் பெண் என்றால் 0.8 அலகு, அதுவும் தொழிலாளியின் மனைவி என்ற முறையில். இன்று அவளே தொழிலாளி. விடுதியில் தங்குபவர் என்ன சாப்பிடுவது என்பதை அவரே முடிவு செய்வதும் இல்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்று, உடன் பணியாற்றியோர் சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உடையவர்கள். அதே ஆய்வில் 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆகவே ஒரு விடுதி அறையில் இருவர் ஒரே செயலியில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு உணவைக் குறைப்பது ஒருவருக்கு நன்மையாகவும் மற்றவருக்குக் கேடாகவும் முடியலாம். எடை குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

சரியாகக் கேட்பது எப்படி

நாடு முழுவதும் உடலுழைப்பு குறைந்துள்ளதை 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் ஆராயப்பட்டவர்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு அற்றவர்கள். அதில் முன்னின்ற சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, அடுத்த ஆண்டு ஒரு வினாப்பட்டியலை உருவாக்கி வெளியிட்டது. வேலை, பயணம், வீட்டு வேலை உள்ளிட்ட பொதுச் செயல்கள், பொழுதுபோக்கு என்று நாளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்று அது கேட்கிறது. உடலில் அணியும் அசைவுமானியோடு ஒப்பிட்டும் சோதிக்கப்பட்டது. 'நீங்கள் எந்த வகை?' என்று கேட்பதைவிட, 'நேற்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்?' என்று கேட்பது உண்மைக்கு அருகில் கொண்டுபோகிறது.

ஒருவர் தாமே செய்துகொள்ளவும் இந்த வழி போதும். ஷிஃப்ட் நாள் ஒன்று, வார விடுமுறை நாள் ஒன்று என இரண்டு நாள்களை மணி மணியாக எழுதலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தைத் தனியே எழுத வேண்டும். உறக்கமும் உணவும் அப்போது இடம் மாறும். ஓவர்டைம் நாள்களை உழைப்பு மிகுந்த நாள்கள் என்று உடனே கருதிவிடக் கூடாது. உட்கார்ந்து செய்யும் ஓவர்டைம், நடையையும் உறக்கத்தையும் தின்றுவிட்டு, நாள் சராசரியை ஏற்றாமலே போகலாம். இரண்டு படிகளுக்கு இடையே ஐயம் வந்தால் எடை குறைக்க விரும்புபவர் கீழ்ப்படியைத் தேர்வதே பொருத்தம். கூலிப் பேச்சில் இதற்கு நேர்மாறான முடிவுதான் சரி.

பிறகு எடைக் கருவி இருக்கிறது. காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து வாரச் சராசரி எடுத்து, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒப்பிட்டால், வகைப்படுத்தியது சரியா என்பது தெரிந்துவிடும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய வாய்ப்பாடு தொடக்கத்தில் உதவும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், மாதங்கள் செல்லச் செல்ல அது பொய்க்கும். எடை அசையவில்லை என்றால் மடங்கைக் கொஞ்சம் இறக்கிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மிக வேகமாக இறங்கி, தலைச்சுற்றலும் சோர்வும் வந்தால் ஏற்ற வேண்டும். மருத்துவரையும் பார்க்க வேண்டும். ஆலையில் ஷிஃப்ட், லைன், பொறுப்பு ஆகியவற்றில் எது மாறினாலும் பழைய எண் செல்லாது. நின்று வேலை செய்தவர் மேற்பார்வையாளராக உயர்ந்த மாதத்திலிருந்தே அவருடைய செலவு இறங்கத் தொடங்கியிருக்கும். கேன்டீன் தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும்.